ஆடும்போது பளிச், பதிவில் மங்கல்: கேம் வீடியோ எங்கே கெடுகிறது?

ஆடும்போது புல்லின் நுனிகூடத் துல்லியமாகத் தெரிகிறது. பதிவான கோப்பைத் திறந்தால் அதே புல்வெளி பச்சைச் சேறாகக் குழைந்து கிடக்கிறது. உடனே கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சந்தேகம் வரும். பெரும்பாலும் பழி அதன் மேல் இல்லை.

கேம் வரைந்த படம் கோப்பாக மாறுவதற்குள் பல கை மாறுகிறது. ஒரு மென்பொருள் அதைப் பிடிக்கிறது, தேவைப்பட்டால் அளவை மாற்றுகிறது, என்கோடர் அதைச் சுருக்குகிறது. யூடியூபில் ஏற்றினால் அங்கே இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு கையும் தனக்கே உரிய கறையை விட்டுப் போகும். அந்தக் கறையை அடையாளம் கண்டுவிட்டால், கண்ணில் பட்ட செட்டிங்குகளை எல்லாம் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்காது.

எனவே முதலில் ஒரு நிமிடப் பதிவு ஒன்று எடுங்கள். அதில் பத்து நொடி அசையாமல் நில்லுங்கள், பத்து நொடி மவுஸை வேகமாகச் சுழற்றுங்கள், பிறகு இருட்டான ஓர் இடத்துக்குள் போங்கள். இணையத்தில் ஏற்றாமல், கணினியில் உள்ள கோப்பையே விஎல்சி போன்ற பிளேயரில் முழுத்திரையில் பாருங்கள். கூடவே மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து ரெசல்யூஷன் (படத்தின் பிக்சல் அளவு), பிட்ரேட் (நொடிக்கு எழுதப்படும் தரவின் அளவு), ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்ததாக நினைக்கும் எண்ணும் கோப்பில் இருக்கும் எண்ணும் வேறாக இருப்பது மிகச் சாதாரணம்.

அசையாமல் நின்றபோது பளிச்சென்றும், திரும்பியபோது கட்டம் கட்டமாகவும் தெரிந்தால் கோளாறு என்கோடருக்குக் கிடைக்கும் பிட்ரேட்டில் இருக்கிறது. நின்றாலும் நடந்தாலும் ஒரே அளவு மங்கல் என்றால் அளவு மாற்றத்தில். படம் தெளிவாக இருந்தும் தத்தித் தத்தி ஓடினால் ஃப்ரேம்கள் தவறுகின்றன. வெளிறிப்போயிருந்தால் நிற அமைப்பு. இந்த நான்கில் முதலாவதுதான் மிக அதிகமாக வருவது.

ஒரு கட்டத்துக்கு 12 பிட்

1920 x 1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் பிக்சல்கள் உள்ளன. நொடிக்கு 60 ஃப்ரேம் வீதம் அவற்றை அப்படியே எழுதினால் நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட் ஆகும். நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்த பிறகும் ஒன்றரை ஜிகாபிட். இதைத்தான் பலர் 6 மெகாபிட்டுக்குள் அடைக்கச் சொல்கிறார்கள். 250-இல் ஒரு பங்கு!

எச்.264 என்ற சுருக்க முறையில் இயங்கும் என்கோடர் படத்தை 16 x 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. 1080பி ஃப்ரேம் ஒன்றில் 8,160 கட்டங்கள். 60 ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 4,90,000. நொடிக்கு 6 மெகாபிட்டை இவற்றுக்குப் பங்கிட்டால் கட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 12 பிட் வருகிறது. 256 பிக்சல்களின் வடிவமும் நிறமும் இந்த 12 பிட்டுக்குள் அடங்க வேண்டும்.

பாத்திரம் அசையாமல் நிற்கும்போது இது போதும். மூலையில் இருக்கும் வரைபடமும் உயிர்க்கோடும் மாறவில்லை. 'முன்பு இருந்தபடியே' என்று சொல்ல என்கோடருக்கு ஒரு பிட்கூட முழுதாகத் தேவைப்படாது. மிச்சமாகும் பிட்டுகளை மற்ற கட்டங்களுக்குத் தருகிறது. மெதுவாக நகர்ந்தாலும் சமாளிக்கும்: 'இந்தச் சுவர் முந்தைய ஃப்ரேமில் 7 பிக்சல் இடப்புறம் இருந்தது' என்று குறித்துவிட்டால் முடிந்தது. ஆனால் புல்வெளியில் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினால், ஒரு புல் மறைந்து அதன் பின்னால் இருந்த இன்னொன்று வெளியே வருகிறது. முந்தைய ஃப்ரேமில் அது இல்லவே இல்லை. இப்படி ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் புதிதாக விவரிக்க வேண்டும், கையில் இருப்பதோ அதே 12 பிட். வேறு வழியின்றி நுணுக்கங்களை உதறிவிட்டுக் கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே நிறத்தைப் பூசுகிறது. நாம் சேறு என்று பார்ப்பது இதைத்தான். மழை, பனி, வெடிப்புப் பொறி எல்லாவற்றிலும் நடப்பது இதுவே.

இதற்கு முக்கியக் காரணம், நேரலைக்கான பிட்ரேட்டையே பதிவுக்கும் வைத்திருப்பது. நேரலையில் இணைய வேகம் கையைக் கட்டுகிறது. வட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. நொடிக்கு 40 மெகாபிட் என்பது 5 மெகாபைட்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கும் இதை அலட்சியமாக எழுதும். ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிபி இடம் மட்டும் வேண்டும்.

பதிவு மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் செட்டிங்ஸ், அவுட்புட் பகுதிக்குப் போய் மேலே உள்ள அவுட்புட் மோடை அட்வான்ஸ்டு என்று மாற்றுங்கள். ரெக்கார்டிங் தாவலில், நேரலையின் என்கோடரையே பயன்படுத்து என்றிருந்தால் அதை விட்டுத் தனி என்கோடரைத் தேர்ந்தெடுங்கள். ரேட் கன்ட்ரோலில் சிபிஆர் இருந்தால் சிக்யூபி ஆக்குங்கள். சிபிஆர் பிட்ரேட்டை இறுகப் பிடித்துத் தரத்தை விட்டுவிடும். சிக்யூபி தரத்தைப் பிடித்துக்கொண்டு, காட்சிக்கு ஏற்றபடி பிட்ரேட் ஏறி இறங்க விடும். பதிவுக்கு இதுவே சரியான முறை. சிபிஆர் வைத்துப் பதிவு செய்யச் சொல்லும் எந்த ஆலோசனையையும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

சிக்யூபி எண் எச்.264-இல் 0 முதல் 51 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும். ஒவ்வொரு 6 எண் குறையும்போதும் நுணுக்கத்தை வெட்டும் படியின் அளவு பாதியாகிறது. அதனால் 24-இலிருந்து 18-க்கு வருவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மாற்றம். 20-இல் தொடங்குங்கள், வேகமான காட்சியில் இன்னும் கட்டம் தெரிந்தால் 18, 16 என்று இறங்குங்கள். அதற்குக் கீழே போனால் கோப்புதான் பருக்கும்.

கேமுக்குள்ளேயே ஒரு வேலை இருக்கிறது: ஃபிலிம் கிரெய்ன் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் கன்னாபின்னாவென்று புள்ளி தூவுகிறது. முந்தைய ஃப்ரேமை வைத்து அதை யூகிக்கவே முடியாது என்பதால், உருப்படியான விவரங்களுக்குப் போக வேண்டிய பிட்டுகளை அது தின்றுவிடும்.

எந்த என்கோடர்? என்விடியாவின் என்விஎன்க் 2012 முதல் அதன் கார்டுகளில் இருக்கிறது. ஏஎம்டி, இன்டெல் சிப்புகளிலும் இதே வேலைக்குத் தனிச் சுற்று உண்டு. கேம் பயன்படுத்தும் பகுதியிலிருந்து இது பிரிந்திருப்பதால் ஆட்டத்தின் வேகம் பெரிதாகக் குறையாது. ப்ராசஸரில் ஓடும் எக்ஸ்264 குறைந்த பிட்ரேட்டில் ஒரு படி மேல் என்பது உண்மைதான். வட்டில் தாராளமாக எழுதும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆர்டிஎக்ஸ் 40, ரேடியான் ஆர்எக்ஸ் 7000, இன்டெல் ஆர்க் வரிசைக் கார்டுகள் ஏவி1 முறையிலும் பதிவு செய்யும். அதே தரத்துக்குக் கோப்பு சிறிதாகும். உங்கள் எடிட்டிங் மென்பொருள் அதைத் திறக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் மங்கல்

ஓபிஎஸ் செட்டிங்ஸின் வீடியோ பகுதியில் இரண்டு ரெசல்யூஷன்கள் இருக்கும். பேஸ் என்பது மானிட்டரின் அளவு, அவுட்புட் என்பது கோப்பின் அளவு. இரண்டாவது 1280 x 720 என்று இருந்தால், 1080பி படத்தின் மூன்று பிக்சல்கள் இரண்டாக நசுக்கப்படுகின்றன. ஒரு பிக்சல் தடிமனுள்ள எழுத்துக்கோடு அடுத்த பிக்சலோடு கலந்து சாம்பலாகிறது. பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் போனது திரும்பாது. இரண்டையும் ஒன்றாக வையுங்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஃபில்டரில் பைலீனியரை விட்டு லான்சோஸைத் தேர்ந்தெடுங்கள். கேமை 1600 x 900-இல் ஓடவிட்டு 1080பி-யில் பதிவு செய்வதும் இதே மங்கலைத் தலைகீழாகத் தரும்.

சிவப்பு எழுத்துகளின் ஓரம் மட்டும் கரைந்து தெரிந்தால் அமைப்பில் தவறில்லை. வழக்கமான பதிவில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. வெளிச்சம் மட்டும் பிக்சலுக்குப் பிக்சல் பதிவாகிறது. வெள்ளை எழுத்து கூர்மையாக இருக்க, கருப்பின் மேல் எழுதிய சிவப்பு மங்குவது இதனால்தான்.

தத்தி ஓடும் படம்

ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்து வைத்துப் பதிவு செய்யுங்கள். ரெண்டரிங் லேக் எண் ஏறினால் கேம் கிராஃபிக்ஸ் கார்டை முழுவதும் விழுங்கிவிட்டது, படத்தை ஒன்றுசேர்க்க ஓபிஎஸ்ஸுக்கு இடமில்லை. கேமின் ஃப்ரேம் ரேட்டுக்கு உச்சவரம்பு வைப்பதே இதற்கு மருந்து. விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தாலும் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். என்கோடிங் லேக் எண் ஏறினால் என்கோடர் திணறுகிறது. என்கோடரின் வேகத்தையும் தரத்தையும் தீர்மானிக்கும் ப்ரீசெட்டை வேகமான பக்கம் நகர்த்துங்கள்.

இரண்டு எண்ணும் பூஜ்யமாக இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடுகிறதா? மானிட்டர் 144 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். 144-ஐ 60 வகுக்காது. பதிவின் ஒவ்வோர் 5 ஃப்ரேமுக்கும் கேம் 12 ஃப்ரேம் வரைகிறது. அதனால் பதிவான ஃப்ரேம்களுக்கு இடையில் கேமின் காலம் ஒருமுறை 13.9 மில்லிநொடி, இன்னொருமுறை 20.8 மில்லிநொடி என்று தாவுகிறது. கோப்போ எல்லாவற்றையும் 16.7 மில்லிநொடி இடைவெளியில் ஓட்டுகிறது. கேமை 120-க்கு வரம்பு கட்டினால் ஒன்று விட்டு ஒரு ஃப்ரேம் சீராகப் பதிவாகும்.

நிறமும் யூடியூபும்

வெளிறிய படத்துக்குக் காரணம் பெரும்பாலும் கலர் ரேஞ்ச். லிமிடெட் முறையில் கருப்பு 16, வெள்ளை 235. ஃபுல் முறையில் 0, 255. ஒன்றில் எழுதியதை மற்றொன்றாக வாசித்தால் கருப்பு சாம்பலாகும், அல்லது இருட்டில் உள்ள விவரங்கள் மொத்தமாக விழுங்கப்படும். லிமிடெட், ரெக். 709 (வழக்கமான எச்டி நிற முறை) என்று வைத்தால் எல்லா இடத்திலும் ஒழுங்காக ஓடும். கேமில் எச்டிஆர் (அதிக ஒளி வீச்சைக் காட்டும் முறை) இயங்கிக்கொண்டிருந்தால் சாதாரணப் பதிவில் நிறம் கெடும். பதிவின்போது அதை அணைத்துவிடுங்கள்.

கணினியில் நன்றாக இருந்த கோப்பு யூடியூபில் மட்டும் கெட்டால் ஓபிஎஸ்ஸைத் தொடாதீர்கள். ஏற்றியவுடன் குறைந்த தரப் பிரதிதான் முதலில் தயாராகும். உயர்தரப் பிரதி வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் புல்வெளி குழைந்தால், 1080பி காணொளியை எடிட்டிங் மென்பொருளில் 1440பி-யாகப் பெரிதாக்கி ஏற்றுங்கள். 1440பி பிரதிக்கு யூடியூப் அதிக பிட்ரேட்டும், பொதுவாக எச்.264-ஐ விடத் திறமையான விபி9 முறையும் தருகிறது. 60 ஃப்ரேம் காணொளிக்கு யூடியூபே பரிந்துரைக்கும் அளவு 1080பி-க்கு 12 மெகாபிட், 1440பி-க்கு 24. எடிட்டிங் மென்பொருளிலிருந்து வெளியேற்றும்போது பிட்ரேட் இதற்குக் கீழே போகாமல் பாருங்கள். டைம்லைன் 60 ஃப்ரேமுக்குப் பதிலாக 30 ஃப்ரேமில் இருந்துவிடவில்லை என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.