ஆறடி ஃப்ளெக்ஸை உள்ளங்கைக்குள் மடிக்காதீர்கள்

ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ வந்துவிட்டால் போதும். வேலூர் லாங் பஜார் முதல் ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் வரை கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். வாசலில் கட்ட அடித்த ஃப்ளெக்ஸின் பைலை, போஸ்டர் டிசைன் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "இதையே இன்ஸ்டாவுல போட்டுடு" என்கிறார்கள். இந்த வாரம் வந்தது 6க்கு 4 அடி. மூன்று கிளை முகவரி, ஐந்து போன் நம்பர், முதலாளி படம், அவர் அப்பா படம், இரண்டு சாமி, பதினொரு பொருள், ஒரு க்யூஆர் கோடு. இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்த ஒரு மூலையைக் காட்டி, "இங்க எடம் சும்மாதானே கீது, எதனா போடு" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. போதும் சாமி.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறடி என்பது சுமார் 183 சென்டிமீட்டர். கையில் இருக்கும் போனின் திரை அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அதாவது உங்கள் பேனர் 26 மடங்கு சுருங்குகிறது. ஃப்ளெக்ஸில் இரண்டு அங்குல உயரத்தில் கம்பீரமாக நின்ற எழுத்து போனில் 2 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் அடித்த முகவரி ஒரே மில்லிமீட்டர். அந்த அளவில் ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒரே கறுப்புப் புள்ளிதான். கூடவே அது படுக்கை வாட்டப் படம். போன் திரையில் 7க்கு 4.7 சென்டிமீட்டர் இடம்தான் பிடிக்கும். அதையே 4:5 விகிதத்தில் நிமிர்த்தி வைத்தால் 7க்கு 8.75. காசு கொடுக்காமலே ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கிடைக்கிறது, அதை ஏன் விடுகிறீர்கள்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு. ஓர் அடி காலியாக இருந்தால் அந்த ஓர் அடிப் பணம் வீண் என்று மனம் அடித்துக்கொள்ளும். அதனால் நிரப்புகிறோம். இன்ஸ்டாவிலும் ஃபேஸ்புக்கிலும் பதிவு போட யாரும் சதுர அடிக்குக் காசு கேட்பதில்லை. பதினொரு பொருள் இருந்தால் பதினொரு நாள் பதினொரு பதிவு போடுங்கள், அல்லது பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் ஒரே பதிவில் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஃப்ளெக்ஸை சிக்னலில் நிற்பவர் அரை நிமிடம் பார்ப்பார், வேறு பார்க்க அவருக்கு ஒன்றுமில்லை. போனில் கட்டைவிரல் ஒரு நொடியில் அடுத்த படத்துக்குப் போய்விடும். அந்த ஒரு நொடிக்குள் ஒரு பொருள், ஒரு வரி, வேண்டுமானால் ஒரு விலை. அவ்வளவுதான் கண்ணில் ஏறும். காலியாக விட்ட இடம்தான் அந்தப் பொருளைத் தூக்கிக் காட்டும். தயவுசெய்து அதை நிரப்பச் சொல்லாதீர்கள்.

போன் நம்பரைப் படத்துக்குள் எழுதினால் அதைத் தொட்டு அழைக்க முடியாது. எதிரில் இருப்பவர் பத்து இலக்கத்தையும் மனப்பாடம் செய்து டயல் செய்ய வேண்டும். அழைப்பு பட்டனும் வாட்ஸ்அப் பட்டனும் புரொஃபைலில் இருக்கின்றன, நம்பர் அங்கேதான் போக வேண்டும். முகவரியும் அப்படியே. க்யூஆர் கோடு கதை இன்னும் மோசம். போனில் தெரியும் கோடை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் தேடிப் பணம் அனுப்பும் அளவுக்கு யாருக்குப் பொறுமை? அதோடு பணம் வாங்கும் கோடு பதித்த போஸ்டரை எடுத்து, கோடை மட்டும் மாற்றி உங்கள் பெயரிலேயே சுற்றவிடுவது மோசடிக்காரனுக்கு ஐந்து நிமிட வேலை.

அளவுகளை ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பதிவுக்கு 1080க்கு 1350 பிக்சல். ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 1080க்கு 1920. ஸ்டோரியில் மேலே 250, கீழே 340 பிக்சலில் எழுத்து வைக்காதீர்கள், கணக்குப் பெயரும் பதில் பெட்டியும் மறைத்துவிடும். ரீல்ஸில் கீழே இன்னும் அதிகமாக, மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுவது நல்லது. 2025-இல் புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாறின. 1350 உயரப் படம் அந்தக் கட்டத்தில் இருபுறமும் தலா 34 பிக்சல் வெட்டுப்படும். ஆகவே விளிம்பை ஒட்டி எதுவும் எழுத வேண்டாம். எழுத்தின் உயரம் 45 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. அது போனில் 3 மில்லிமீட்டர். தலைப்பு 100-க்கு மேல்.

நிறம். ஃப்ளெக்ஸ் பைல் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே-யில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் குங்குமச் சிவப்பு செங்கல்லாகும், அல்லது கண் கூசும் பச்சை வந்து நிற்கும். திரைக்கான எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். நம்மவர்களுக்குப் பிடித்த நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து, கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து இரண்டையும் விட்டுவிடுங்கள். படத்தின் பைல் அளவைக் குறைக்கும் ஜேபெக் சுருக்கம் வெளிச்ச வேறுபாட்டைக் காப்பாற்றும், நிற நுணுக்கத்தைக் குறைத்துவிடும். மெல்லிய சிவப்பு எழுத்தின் ஓரம் ஈரத்தில் ஊறியதுபோல் கசிவது அதனால்தான்.

தமிழ் எழுத்து ஒரு தனித் தலைவலி. ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. படத்தில் அழகாகத் தெரியும். அதே வரியை எடுத்து கேப்ஷனில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். எங்கே ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். முக்தா மலர், கேட்டமரன், பவனம், பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் தடையில்லை. போட்டோஷாப்பில் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் தனியே நின்றால் எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சேர்ந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் கனமான அவுட்லைன் கட்டும் ஆசையை அடக்குங்கள். ஐ, ஞ, ண இவற்றின் வயிறு அடைத்துக்கொள்ளும்.

சரக்கின் படத்தைத்தான் யாரும் மதிப்பதில்லை. கூகுளில் எடுத்த பிரியாணியைப் போட்டு "ஆம்பூர் பிரியாணி" என்று எழுதுகிறார்கள். சீரகச் சம்பா அரிசிக்குப் பதிலாக நீள பாஸ்மதி, மேலே குங்குமப்பூ, புதினா அலங்காரம். ஆம்பூர்க்காரன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான், நம் சீரகச் சம்பா எங்கே என்பான். தவிர, பிறர் எடுத்த படம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் சொத்து. சினிமாப் பாட்டும் அப்படியே. பிசினஸ் கணக்குகளுக்குப் பல பாட்டுகள் கிடைக்காமல் போவது அதனால்தான்.

சொந்தப் படம் எடுக்க நல்ல போன் ஒன்று போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். கல்லாவில் இருக்கும் போனின் லென்ஸில் எண்ணெய் இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடாவை எடுப்பதென்றால் கடை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல் பக்கம் தட்டை வையுங்கள். வெளிச்சம் பேடாவின் பின்பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், பாகின் மினுமினுப்பு அப்போதுதான் எழும். ஒன்றைப் பாதியாக வெட்டி உள்ளே இருக்கும் பருப்பைக் காட்டுங்கள். முழு உருண்டையாக வைத்தால் வெளியூர்க்காரருக்கு அது குலாப் ஜாமூன்தான். போனை நெருக்கிக் கொண்டுபோகாமல், சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் தட்டு கோணாது.

கறுப்புத் தோல் ஷூவில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி ஒளியை மெத்தென்று ஆக்குங்கள், எதிர்ப்பக்கம் ஒளியைத் திருப்ப ஒரு தெர்மகோல் அட்டை. கறுப்பைக் கண்டால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும். திரையைத் தொட்டு விரலைக் கீழே இழுத்துக் குறையுங்கள். வெள்ளைப் பின்னணி என்றால் இதற்கு நேர்மாறு.

ஆரணிப் பட்டு விற்பவர்கள் ஃபில்டர் பக்கமே போகக் கூடாது. மயில்கழுத்து நிறம் மடிப்புக்கு மடிப்பு மாறும், அதை ஒரே படத்தில் அடக்க முடியாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம், சேலையை அசைத்து ஐந்து நொடி வீடியோ. பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அது வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு எடுத்தால், "படத்துல ஒரு கலரு, கையில ஒரு கலரு" என்று பார்சல் திரும்பி வருவது பெரும்பாலும் நிற்கும்.

வீடியோவில் கடை விளக்கு படபடவென்று துடித்தால் போன் கெட்டுவிடவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். முதல் ஐந்து நொடி லோகோ சுற்றுவதை வெட்டி எறியுங்கள். அதற்குள் ஆள் போய்விட்டிருப்பார்.

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்காரர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மருத்துவத்துக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருபவருக்கு உங்கள் போஸ்டரில் பொற்கோயிலும் கோட்டையும் எதற்கு? அறை, கழிவறை, சமைக்க அடுப்பு, லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா, ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை நிமிடம், நாள் வாடகை எவ்வளவு. இந்த ஆறையும் ஆறு படமாகக் காட்டுங்கள். பெங்காலியில் எழுதினால் பெங்காலி தெரிந்தவர் ஒருவர் படித்த பிறகே போடுங்கள், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி வேண்டாம். நோயாளி முகம், கட்டு போட்ட கால், ரிப்போர்ட் பேப்பர் எதுவும் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் படத்தில் வரவே கூடாது. கிளினிக், லேப் நடத்துபவர்களுக்கும் இதேதான்.

படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஃப்ளெக்ஸ் பைல் எதற்கும் ஆகாது என்று சொல்லவில்லை, உங்கள் லோகோவின் ஒழுங்கான வடிவம் பல கடைகளுக்கு அதில் மட்டும்தான் இருக்கிறது. பேனர் அடித்தவரிடம் அந்த சிடிஆர் (கோரல்டிரா) பைலையும், பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்றையும் இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். அவர் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்குள்.