குளிர்பான பாட்டிலில் டெவலப்பர் வைக்காதீர்கள்

வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கிக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு, ரசாயனம் கலக்கும் முறைக்கு முன்பே, கலந்ததை எதில் ஊற்றி வைப்பது என்பதைச் சொல்லித்தருவது என் வழக்கம். பல வீடுகளில் அலமாரியில் நிற்பவை கழுவிக் காயவைத்த குளிர்பான பாட்டில்களே. ஃபிலிமில் படத்தைத் தோன்றச் செய்யும் கரைசலே டெவலப்பர்; அதில் ஒரு வகையான டி-76, புதிதாகக் கலந்தபோது ஏறக்குறையத் தண்ணீரைப் போலவே இருக்கும். காற்றுப்பட்டு அதிலுள்ள ஹைட்ரோகுவினோன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பழுப்பாகி, பாட்டிலில் முன்பிருந்த பானத்தின் நிறத்துக்கே வந்துவிடும். அதில் கலந்துள்ள மெட்டால் என்ற ரசாயனமும் ஹைட்ரோகுவினோனும் விழுங்கினால் நஞ்சு. லேபிள் ஒட்டியிருக்கிறேன் என்று பலர் சமாதானம் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும், இரவில் விளக்குப் போடாமல் தாகத்துக்குக் கை நீட்டும் பெரியவருக்கும் அந்த லேபிளால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குளிர்பான பாட்டில் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக், காற்றைத் தடுப்பதில் கெட்டியான வெள்ளை ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் கேனைவிட மேலானது என்பது உண்மைதான். ஆனால் அந்த நன்மையை ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டில் இன்னும் நன்றாகவே தரும். அதை யாரும் வாயில் வைக்கத் துணிய மாட்டார்கள். படத்தை நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸர் வந்த காலி பாட்டிலை அலசி, மறுபடி ஃபிக்ஸருக்கே பயன்படுத்துவதில் தவறில்லை.

டி-76 மூலக் கரைசல் (மேற்கொண்டு தண்ணீர் விட்டு நீர்க்காதது), நிரம்பி இறுக மூடிய பாட்டிலில் சுமார் 6 மாதமும், பாதி காலியான பாட்டிலில் சுமார் 2 மாதமும் தாங்கும். ஆகவே ஒரு லிட்டரை 250 மில்லி பாட்டில்கள் நான்கில் பிரித்து நிரப்பி, ஒன்றைத் திறந்தால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தைக் கழுத்துவரை உயர்த்துவதும் பலன் தரும். மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் பாட்டில்களை நான் பரிந்துரைப்பதில்லை. மடிப்புகளுக்குள் தங்கும் கசடைக் கழுவி எடுக்க முடியாது. சூடான நீரில் கரைத்ததை, அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே ஊற்றி மூட வேண்டும். மூடிகளிலும் பெயர் எழுதுங்கள்; மூடி மாறி ஃபிக்ஸர் சிறிதளவு டெவலப்பரில் கலந்தாலும் நெகட்டிவில் மூட்டம் படியக்கூடும்.

இருப்பிடமும் முக்கியம். டெவலப்பரின் வேலையை நிறுத்தும், அமிலத்தன்மை கொண்ட ஸ்டாப் பாத் கரைசலும் அமில ஃபிக்ஸரும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். குளியலறையைக் கழுவும் சாமான்கள் இருக்கும் அதே தட்டில் இவற்றை வைக்கவே கூடாது. உணவு வைக்கும் குளிர்சாதனப் பெட்டியும் இவற்றுக்கு இடமல்ல.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் பாதிக்கும். தனிக் கேனில் சேர்த்து, ஹைப்போ என்றும் சொல்லப்படும் இந்த ஃபிக்ஸரிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுப்பதே முறை. காலியான ரசாயன பாட்டிலை மூடியோடு முழுதாகப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். வேறொரு வீட்டில் அதில் எண்ணெயோ குடிநீரோ ஊற்றப்படலாம். அலசி, பிளாஸ்டிக் என்றால் குறுக்காக வெட்டி, லேபிளைக் கிழிக்காமலேயே அப்புறப்படுத்துங்கள்.