திருக்கை முள்ளும் ஒரு வாளி வெந்நீரும்

திருக்கை வலையில் ஏறியதும் மீனவர் முதலில் பார்ப்பது அதன் வாலைத்தான். செத்த திருக்கையின் முள்ளும் விஷம் ஏற்றும் என்பதால் முள்ளைப் படகிலேயே நறுக்கிவிடுவது வழக்கம். அப்படியும் தப்பிய முள் ஒன்று காசிமேட்டுக் கரையில் கண்ணில் பட்டால், தொடாமல் குனிந்து பாருங்கள்.

வாலின் மேற்பக்கம் படிந்து கிடக்கும் அந்த முள் எலும்பு அல்ல. நம் பல்லில் இருப்பது போன்ற கெட்டிப் பொருளால் ஆனது. சுறாத் தோலைச் சொரசொரப்பாக்கும் செதில்தான் இங்கே ஈட்டியாக நீண்டிருக்கிறது. இரண்டு ஓரமும் ரம்பம். அதன் பற்கள் முள்ளின் அடியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். முள்ளின் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள். விஷத்திசு அவற்றுக்குள் இருக்கிறது. முள் முழுவதையும் வழவழப்பான மெல்லிய தோலுறை மூடியிருக்கும்.

பாம்புக்கு விஷப்பை உண்டு, அதைப் பிதுக்கத் தசை உண்டு, விஷம் பாயத் துளையுள்ள பல் உண்டு. திருக்கைக்கு இதில் ஒன்றும் கிடையாது. முள் சதைக்குள் இறங்கும்போது உறை கிழிகிறது, திசு நசுங்குகிறது, விஷம் காயத்தில் கசிகிறது. சில நேரம் கிழிந்த உறையும் முள்துண்டும் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

திருக்கை ஆளைத் தேடி வந்து குத்தாது. நண்டு, இறால், சிப்பி தின்னும் இந்த மீன் மணலைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருக்கும். வாய் அடியில் இருந்தாலும் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்வதால், மணலில் புதைந்தும் மூச்சு விட முடிகிறது. முதுகில் கால் பட்டால் வால் சாட்டையாக மேலே வளைந்து முன்பக்கம் வீசும். குத்து பெரும்பாலும் பாதத்திலோ கணுக்காலிலோ விழுவது இதனால்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் கலங்கல் தண்ணீரில் இறங்குகிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். பக்கவாட்டில் கால் இடித்தால் அது விலகி ஓடிவிடும். பெரும்பாலும் மேலிருந்து மிதித்தால்தான் அடிக்கும்.

குத்தியதும் வலி ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கலாம். இந்த விஷம் புரதங்களால் ஆனது, சூட்டில் குலையும். அதனால் முதல் மருந்து வெந்நீர். தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கணக்கு இது: 8 லிட்டர் குழாய்த் தண்ணீரில் 2 லிட்டர் கொதிக்கும் தண்ணீரைக் கலந்தால் நம் ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய 44 டிகிரி வரும். குத்துப்பட்டவரின் நல்ல காலை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு உறைக்காது. வெந்துபோன பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வேறொருவர் கைவிட்டுப் பார்ப்பது நல்லது. 30 முதல் 90 நிமிடம் காயம் தண்ணீருக்குள் இருக்கட்டும். ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொதிநீரைச் சேர்க்க வேண்டும். ஐஸ் வைப்பது இங்கே உதவாது. இறுக்கிக் கட்டுவதும் மஞ்சள், சுண்ணாம்பு அப்புவதும் கெடுதல்.

முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறி நின்றால் பிடுங்கவே கூடாது. ரத்தம் பீறிடாமல் அடைத்துக்கொண்டிருப்பது அந்த முள்தான். அசையாமல் துணி சுற்றி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவின் காட்டுயிர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின் இறந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்.

காலில் பட்ட சின்னக் குத்தானாலும் வலி அடங்கியதும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. காயத்தைச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம். டெட்டனஸ் ஊசி போட வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் முள்துண்டு தெரியும், தோலுறை தெரியாது. ஆகவே மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காயம் மறுபடி வீங்கிச் சீழ் வைத்தால், உள்ளே ஏதோ மிச்சம் இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.