குத்தினால் மட்டும் போதாது, மண்ணை வெளியே எடுக்க வேண்டும்

சென்னையில் கொளத்தூர், மாதவரம் பக்கம் வீட்டுக்கு முன்னால் புல்தரை போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: முதல் வருடம் பச்சைப் பசேலென்று இருந்த புல், அடுத்த வருடம் திட்டுத் திட்டாக மஞ்சளாகிவிடுகிறது. உடனே உரத்தைக் கூட்டுகிறார்கள், தண்ணீரையும் கூட்டுகிறார்கள். இறுகிய களிமண்ணில் தண்ணீரைக் கூட்டுவது புல்லின் கழுத்தை நெரிப்பதுதான்.

வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆள் நடமாட்டத்திலும் பைக் நிறுத்துவதிலும் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். காற்று போய்வருவது அவற்றின் வழியேதான். மிஞ்சும் நுண்துளைகளில் தண்ணீர் தேங்கிவிடும். நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு.

இறுகிய மண்ணில் துளை போட்டுக் காற்றுக்கு வழிவிடக் கடையில் மலிவாகக் கிடைப்பது ஆணி பதித்த செருப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ளவர் 12 ஆணிகள் மேல் ஒற்றைக் காலில் நின்றால், ஓர் ஆணிக்கு 5 கிலோதான். இறுகிய மண்ணில் அது ஆழமாக இறங்காது. இறங்கினாலும், ஆணி எந்த மண்ணையும் வெளியேற்றுவதில்லை; பக்கவாட்டில் தள்ளி, துளையின் சுவரை மேலும் இறுக்குகிறது. நெரிசலான பஸ்ஸில் முண்டியடிப்பதைப் போலத்தான். சிலர் இறங்கினால்தான் மற்றவர்களுக்கு இடம்.

மண்ணை அப்படி இறக்கிவிடுவது குழாய்முனைக் கருவி. காலால் மிதித்து அழுத்தும் கைப்பிடி, கீழே இரண்டு உள்ளீடற்ற குழாய்கள். முழு எடையும் அந்த இரண்டின் மெல்லிய விளிம்பில் விழுவதால் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் இறங்கி, விரல் பருமனில் மண் உருளைகளை உருவி எடுக்கும். சிறிய புல்தரைக்கு இதுவே தாராளம். மோட்டார் இயந்திரம் வீண் செலவு.

திருவொற்றியூர் கடற்கரையோர மணற்பாங்கான மண் எளிதில் இறுகாது. அங்கே மண்ணைக் குத்தும் முட்கருவியே (கார்டன் ஃபோர்க்) போதும். ரப்பீஸ் கொட்டி மேடாக்கிய மனையானால் முதலில் நீளமான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செங்கல் துண்டு இடித்தால் குழாய் வளைந்துவிடும். குடிநீர்க் குழாயும் மோட்டார் ஒயரும் புதைந்திருக்கும் தடத்தை விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில், மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மண் ஈரமாக ஆனால் கையில் ஒட்டாமல் இருக்கும்போது செய்யலாம். அப்போது அருகம்புல் வேகமாக வளர்ந்து துளைகளை மூடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர் இறங்க வழியும் கிடைக்கும். வெளிவந்த உருளைகளைப் பொறுக்கிக் கொட்டிவிடாதீர்கள். காய்ந்ததும் துடைப்பத்தால் உடைத்து, சலித்த மண்புழு உரத்தோடு துளைகளுக்குள் தள்ளிவிடுங்கள்.