பருந்தைப் பிடிக்கும் கை

ஆகஸ்ட் 15 நெருங்க நெருங்கத் தில்லி வானமெங்கும் பட்டம் பறக்கும். அதே நாட்களில் அட்டைப்பெட்டிகளில் பருந்துகளும் வந்து சேரும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலில் சிக்கி இறக்கை அறுபட்ட கள்ளப்பருந்துகள். நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றுக்கு வைத்தியம் பார்த்து வருகிறார்கள். காயம்பட்ட பருந்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, இறைச்சி தின்னும் பறவை என்று ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்ததில் தொடங்கிய வேலை அது.

மாஞ்சா பெரும்பாலும் அறுப்பது எலும்பை அல்ல. பருந்தின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை முக்கோணமாக ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அதன் விளிம்பில் இழுபடும் தசைநாண் ஒன்று ஓடுகிறது. இறக்கை விரியும்போது காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பு இதுதான். தோலை மட்டும் தைத்தால் புண் ஆறும், பறத்தல் திரும்பாது. அறுந்த நாணின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும்.

அது மருத்துவர் வேலை. பருந்து போன்ற இரைகொல்லிப் பறவைகளைக் காப்பாற்றும் மையத்தில் தன்னார்வலராகச் சேர்பவர் கையில் முதலில் கிடைப்பது ஒரு பழைய துண்டு. பருந்து கண்ணால் வாழும் பறவை. தலையைத் துணியால் மூடினால் பதற்றம் அடங்கும். பிறகு அதைப் பிடிக்கக் கற்க வேண்டும், இதை மிகப் பொறுமையாகக் கற்க வேண்டும். நமக்கு மூச்சிழுக்க உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அப்படியொன்று கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் அதன் காற்றுப்பைகளில் காற்று ஏறி இறங்கும். பாசத்தில் மார்போடு சேர்த்து இறுக்கினால், மூக்கு திறந்திருந்தும் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

அலகைவிடப் பயப்பட வேண்டியது காலுக்கு. விரல்களை மடக்கும் தசைநாணின் அடிப்புறம் சொரசொரப்பானது, அது ஓடும் உறையின் உட்புறம் வரிவரியானது. பிடி இறுகும்போது இரண்டும் வயர்களைக் கட்டும் கேபிள் டையின் பற்களைப் போல ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அதன்பின் தசை அதிகம் உழைக்காமலே பிடி நிற்கும். நம் கை சிக்கினால் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இன்னொருவர் அந்தக் காலை மெல்ல நீட்டிவிட வேண்டும். கால் மடங்கினால் இறுகும் நாண், கால் நேரானால் தளரும்.

எலும்பும் தோலுமாக வரும் பறவைக்கு உடனே கறி போடத்தான் கை துடிக்கும். போடக்கூடாது. வற்றிய உடலால் அதைச் செரிக்க முடியாது. முதலில் உப்புநீர்மம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறைச்சி. குஞ்சுகளுக்கு வெறும் சதை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து கிடைக்காமல் எலும்பு வளைந்துவிடும். எலும்போடு முழு எலியைக் கொடுக்க வேண்டும். செரிக்காத மயிரை அது உருண்டையாகக் கக்கும். கூண்டைக் கூட்டும்போது அந்த உருண்டை கிடைத்தால், குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று குறிப்பேட்டில் எழுதலாம். குஞ்சிடம் பேசவே கூடாது. மனிதனைத் தன் இனமென்று நம்பிவிட்ட பருந்துக்குக் காட்டில் துணை கிடைக்காது.

எனக்கு மிகப் பிடித்த வேலை இறகு ஒட்டுதல். இறக்கையில் இருக்கும் பெரிய இறகுகளில் நான்கைந்து முறிந்துபோனால் பருந்து தரையிலேயே கிடக்கும். முறிந்த இறகு தானாக வளராது. வளர்ந்து முடிந்த இறகு நம் நகத்தைப் போல உயிரற்றது. ஆண்டுக்கொரு முறை இறகு உதிரும்வரை காத்திருந்தால், கூண்டுக்குள்ளேயே பாதங்களில் புண் வந்து, பறக்கும் தசைகளும் சுருங்கிவிடும்.

அதனால் மையங்களில் உதிர்ந்த இறகுகளையும் இறந்த பறவைகளின் இறகுகளையும் இனம், இடம், வரிசை எண் குறித்துச் சேமித்து வைக்கிறார்கள். இடது இறக்கையின் ஏழாம் இறகு முறிந்திருந்தால், அதே இனத்தின் இடது ஏழாம் இறகுதான் வேண்டும். முறிந்த தண்டை அடியோடு பிடுங்காமல், குழலாக இருக்கும் பகுதியை மட்டும் விட்டு வெட்டுவார்கள். மூங்கிலைச் சீவி ஒரு சிறு குச்சியாக்கி, ஒரு முனையைப் புது இறகுக்குள்ளும் மறுமுனையைப் பழைய தண்டுக்குள்ளும் செருகிப் பசையிடுவார்கள். பக்கத்து இறகில் பசை படாமல் அடியில் ஒரு காகிதத் துண்டு. காகிதத்தைப் பிடிப்பதுதான் தன்னார்வலர் பங்கு, பசை காயும்வரை விரல் அசையக்கூடாது. 13ஆம் நூற்றாண்டிலேயே பழக்கிய வல்லூறுகளை வைத்து வேட்டையாடுவதில் தேர்ந்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் இந்த ஒட்டை விவரித்து எழுதியிருக்கிறார். அடுத்த முறை இறகு உதிரும்போது, இரவல் இறகையும் மூங்கிலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் புது இறகு முளைத்துவரும்.

கடைசியாகப் பெரிய கூண்டில் பறக்கவிட்டுத் தசை ஏற்ற வேண்டும். இந்த நாட்களில் தன்னார்வலர் மூலையில் அசையாமல் நின்று பார்ப்பார். இரண்டு இறக்கைகளும் ஒரே உயரத்துக்கு எழுகின்றனவா? உட்கார்ந்தபின் ஒரு இறக்கை மட்டும் தொங்குகிறதா? அலகு திறந்து எவ்வளவு நேரம் மூச்சிரைக்கிறது? நேற்று நான்கு சுற்று, இன்று ஆறு. குறித்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்த வேண்டும்.