இரண்டாவது கண்ணாடி எதற்கு?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கோபுரத்து மேலே கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. இத்தனை கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் ஒளி கெடாதா?"

படம் கெடாது, தளவிளைவு கெடும். ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதுதான் தளவிளைவு (polarisation); பள்ளியில் படித்ததுதான். சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் கண்டுபிடித்தது, ஒளியின் இந்தக் குணத்தை அளந்துதான். கண்ணாடியின் குளறுபடியைக் காந்தப்புலம் என்று எண்ணிவிட்டால் போச்சு.

கதிர் வந்து திரும்பும் தளத்திலேயே அதிர்வது 'பி', அதற்குச் செங்குத்தாக அதிர்வது 'எஸ்'. சாய்வாக விழும்போது அலுமினியப் பூச்சு எஸ்ஸைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பும்; இரண்டின் கட்டத்தையும், அதாவது அலைகள் ஏறி இறங்கும் நேரத்தையும், ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிடும். விளைவு, நேர்கோட்டில் அதிர்ந்த ஒளி நீள்வட்டமாகச் சுழலும். எல்சிடி மானிட்டரைப் போலராய்டு கூலிங் கிளாஸ் வழியே பார்த்துக் கிளாஸைத் திருகினால் ஓரிடத்தில் திரை இருண்டுவிடும். அதே திரையின் பிம்பத்தை எவர்சில்வர் தட்டில், தட்டைக் கோணலாகப் பிடித்துப் பாருங்கள். என்ன திருகினாலும் முழு இருட்டு வராது.

இதற்கான மருந்து இன்னொரு கண்ணாடி என்பதுதான் எனக்கு அலுக்காத அழகு. வடக்கு நோக்கிப் போகும் கதிரை முதல் கண்ணாடி கிழக்கே திருப்பட்டும், இரண்டாவது அதை மேலே திருப்பட்டும். மேல்கீழாக அதிரும் பகுதி முதல் கண்ணாடிக்கு எஸ். இரண்டாவதுக்கு அதுவே பி! கிடையாக அதிர்வதற்கு நேர்மாறு. ஆக, இரு பகுதிகளும் ஒருமுறை எஸ்ஸாகவும் ஒருமுறை பியாகவும் கணக்கைத் தீர்த்துவிடுகின்றன. வித்தியாசம் அறுந்துபோகிறது. பூச்சும் கோணமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேசர் மேசைகளில் இது அன்றாட வித்தை.

கோபுரத்தில் இது செல்லாது. சூரியன் நகர நகர முதல் கண்ணாடியின் கோணமும் மாறும். காலையில் இருந்த பிழை மாலையில் இருக்காது. அதனால் ஒவ்வொரு கோணத்துக்கும் பிழையைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். கண்ணாடி எத்தனை மீட்டர் என்பதற்குத் தலைப்புச் செய்தி உண்டு, இந்தக் கழித்தலுக்கு ஆளும் பணமும் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது என் ஆதங்கம். ஸ்பெயினின் டெனெரீஃப் தீவிலுள்ள தெமிஸ் சூரியத் தொலைநோக்கியை வடிவமைத்தவர்கள் கணக்குக்கே வேலை வைக்கவில்லை: சாய்வுக் கண்ணாடியில் ஒளி படும் முன்பே தளவிளைவைப் பிரித்து அளக்கும் கருவியைப் பொருத்திவிட்டார்கள்.