வயலுக்குள் போகும் பாதை யாருக்குச் சொந்தம்? பிரிட்டனில் நடக்கும் உரிமை

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது கென்ட் பக்கம் நடக்கக் கூட்டிப்போனேன். ஜூன் மாதம். கோதுமை முழங்காலுக்கு மேல் நின்றது. வேலியோரத்தில் சின்ன மரக்கதவு, அதன் தூணில் மஞ்சள் அம்புக்குறி. கதவுக்கு அந்தப் பக்கம் வயலை நடுவாகப் பிளந்துகொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை. அப்பா கதவிலேயே நின்றுவிட்டார். "யாரு வயலோ, உள்ள போனா சும்மா விடுவாங்களாப்பா?" என்றார். காலமெல்லாம் விவசாயம் பார்த்தவர்; அந்தத் தயக்கம் இயல்பானது. நானும் இங்கே வந்த முதல் வருடம் இப்படிப்பட்ட கதவுகளில் பலமுறை திரும்பியிருக்கிறேன். திரும்பியிருக்கவே வேண்டாம். அந்தப் பாதையில் நடக்கச் சட்டமே உரிமை தருகிறது. அதற்கு அனுமதிச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. உங்களிடம் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது என்றும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இந்த மாதிரிப் பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. பலகையில் 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று இருந்தால், நம்மூர்ப் பழக்கத்தில் சாலையோர நடைமேடை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது காடு, மேடு, வயல் வழியாக, சில இடங்களில் ஒருவர் வீட்டு முற்றத்தின் வழியாகக்கூடப் போகும். நம்மூரில் வண்டிப்பாதை என்றால் பெரும்பாலும் புறம்போக்காகத் தனியே பிரித்துக் காட்டியிருப்பார்கள். இங்கே மண் பொதுவாக நிலக்காரருடையதாகவே இருக்கும். அதன்மேல் நடந்துபோகும் உரிமை பொதுமக்களுடையது. அதனால் 'தனியார் நிலம்' என்ற பலகையும் மஞ்சள் அம்பும் ஒரே தூணில் இருந்தால் இரண்டுமே உண்மைதான். பாதையை விட்டு விலகாமல் போனால் சரி.

இதற்கு ஆதாரம் வரைபடம். கிராமப்புறப் பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து 'டெஃபினிட்டிவ் மேப்' தயாரிக்க வேண்டும் என்று 1949-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்குக் கட்டளையிட்டது. அதில் ஏறிய பாதை பொதுப்பாதைதான் என்பதற்கு அந்த வரைபடமே முடிவான சான்று. வருடக்கணக்கில் யாரும் நடக்காமல் புதர் மண்டிப்போனாலும் உரிமை போகாது. முறைப்படி உத்தரவு போட்டு மூடினால்தான் போகும். புதிதாகச் சேர்க்கவும் வழி உண்டு. நிலக்காரர் தடுக்காமல், அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவில்லாமல் 20 ஆண்டு மக்கள் நடந்து வந்திருந்தால் அதைச் சேர்க்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நடப்பவர் கையில் இருக்க வேண்டியது பிரிட்டன் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 'எக்ஸ்ப்ளோரர்' வரைபடம். அதில் பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். போனிலும் பார்க்கலாம், ஆனால் மலைப்பக்கம் சிக்னல் போய்விடும். காகிதமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூணில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் 'பிரைடில்வே': நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968 முதல் சைக்கிளிலும் போகலாம், ஆனால் சைக்கிள்காரர்தான் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். சிவப்பில் மோட்டார் வண்டியும் வரும், கவனம்.

சரி, நடுவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாமா? வழியில் சற்று உட்காருவது, படம் எடுப்பது, ஒரு வாய் சாப்பிடுவது எல்லாம் நடையோடு சேர்ந்தவை. அன்று நாங்களும் கதவோரம் ஓரமாக உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தோம். வயலுக்குள் பாய் விரித்துப் பிள்ளைகளைப் பந்து விளையாட விடுவதுதான் எல்லை மீறல். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் வேலியைத் தாண்டும் மரப்படிகளில் அதைத் தூக்கத்தான் வேண்டியிருக்கும்.

அப்பா ரொம்ப ஆர்வமாகக் கேட்டது விவசாயி பக்கத்து விதிகளைத்தான். வயலின் நடுவே போகும் பாதையை உழாமல் விதைக்க வசதியில்லை என்றால் விவசாயி உழுதுகொள்ளலாம். ஆனால் விதைப்புக்காக முதல்முறை கிளறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் பாதையைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி கிளறினால் 24 மணி நேரத்துக்குள். நடைபாதை என்றால் குறைந்தது 1 மீட்டர் அகலம், பிரைடில்வே என்றால் 2 மீட்டர். வயலின் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. பயிர் வளர்ந்து பாதையை மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் முன்னால் இருந்த பாதையை அப்பா காலடி வைத்து அளந்தார். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. இரண்டு பக்கமும் கதிர் ஒரே நேராக நின்றது. "சுத்தமா விட்டிருக்கான்" என்று ஒரு விவசாயி இன்னொரு விவசாயியைப் பாராட்டும் குரலில் சொன்னார். கதவும் மரப்படியும் நல்ல நிலையில் இருப்பது நிலக்காரர் பொறுப்பு. செலவில் குறைந்தது கால் பங்கைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கலாம். பால்மாட்டு இனத்துக் காளை 10 மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் பொதுப்பாதை போகும் வயலில் விடக் கூடாது.

பாதை மட்டும்தானா? இல்லை. மலை, புல்மேடு, புதர்வெளி, பதிவான பொது மேய்ச்சல் நிலம் இவற்றில் பெரும்பகுதியில் பாதையே இல்லாமல் இஷ்டப்பட்ட திசையில் நடக்க 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. இது சும்மா கிடைத்ததில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மலைமேல் தடையை மீறி ஏறினார்கள். அது அப்போது பறவை வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த மேடு. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்த மலை இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. மான்செஸ்டர்–ஷெஃபீல்ட் ரயிலில் ஈடேல் நிலையத்தில் இறங்கினால் இன்று யாரும் அந்த மலைமேல் ஏறலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் அதுதான்.

இந்தத் திறந்தவெளிகள் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் மஞ்சள் சாயத்தில் தெரியும். இந்த உரிமை கால்நடையாகப் போக மட்டும். கூடாரம் போடுவது, தீ மூட்டுவது, ஏரியில் நீந்துவது இதில் சேராது. நிலக்காரர் ஆண்டுக்கு 28 நாள் வரை மூடியும் வைக்கலாம். தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பொது நிலத்தில் மட்டும் அனுமதி கேட்காமல் கூடாரம் போடும் உரிமை தனிச் சட்டத்தால் உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தில் கதையே வேறு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் போகலாம், சைக்கிள் ஓட்டலாம், கூடாரமும் போடலாம். வீட்டுத் தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் விலக்கு. லோமண்ட் ஏரிக் கரையில் சில இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்து, வேல்ஸ் திறந்தவெளியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும், அது தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கான காலம். ஆடுமாடு பக்கத்தில் இருந்தால் எந்த மாதமானாலும் வார் கட்டாயம். ஆனால் மாடு துரத்தினால் நாயை விட்டுவிடுங்கள். அது ஓடித் தப்பித்துக்கொள்ளும், மாடு குறிவைப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

பாதையை மறித்து முள்வேலியோ புதரோ இருந்தால் கடக்கத் தேவையான அளவு மட்டும் விலக்கலாம், அல்லது அதே நிலக்காரரின் நிலத்திலேயே சற்றுச் சுற்றிப் போகலாம். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பாதையைத் திறந்து வைப்பது அவர்கள் சட்டக் கடமை. பெரும்பாலான கவுன்சில் இணையதளங்களில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கும். ஒரு புகைப்படம், தேதி, வரைபடக் கட்டங்களை வைத்து அந்த இடத்தைக் குறிக்கும் எண் ('கிரிட் ரெஃபரன்ஸ்'), இவை மூன்றும் போதும். பொதுப்பாதையில் 'நுழையாதே' என்று பொய்யாகப் பலகை வைத்து ஆட்களைத் திருப்புவதும் குற்றம்தான். அதையும் படமெடுத்து அதே படிவத்தில் சேர்த்து அனுப்புங்கள்.